விலை குறைந்த ரைபிள், தூரத்து இலக்கு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

தொலைதூர இலக்குச் சுடுதல் பற்றி இந்தப் பகுதியில் எழுத ஆரம்பித்ததிலிருந்து வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் கேட்கின்றன. தொழிற்சாலையில் மொத்தமாகச் செய்து விற்கும் சாதாரண விலை போல்ட் ரைபிளை (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் போல்ட்டை இழுத்து ஏற்றும் வகை) வைத்துக்கொண்டு 600 மீட்டரிலும் 1000 மீட்டரிலும் ஒழுங்காகச் சுட முடியுமா, முடியும் என்றால் எதற்குப் பணம் போடலாம், எதற்குப் போடக் கூடாது? மற்ற கேள்விகளை அடுத்த முறைக்கு ஒதுக்கிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இங்கே பேசுவதெல்லாம் உரிமத்தோடு, அனுமதி பெற்ற ரேஞ்சில், குண்டைத் தாங்கும் மண்மேடு பின்னால் இருக்க, காகித இலக்கிலும் இரும்புத் தட்டிலும் சுடுவதைப் பற்றி. இந்தக் குண்டுகள் பல கிலோமீட்டர் போகக்கூடியவை என்பது எப்போதும் மனதில் இருக்கட்டும்.

கேள்வி: ஐயா, என்னிடம் இருப்பது 308 என்ற அளவுத் தோட்டா போடும் போல்ட் ரைபிள், அந்தக் கம்பெனியின் ஆக விலை குறைந்த மாடல். 100 மீட்டரில் மூன்று குண்டு சுட்டால் ஒரு நாள் 2 செ.மீ.க்குள் விழுகிறது, இன்னொரு நாள் 5 செ.மீ. 600 மீட்டரில் எங்கே போகிறது என்றே தெரியவில்லை. இதை விற்றுவிட்டு கஸ்டம் ரைபிள் வாங்கு என்கிறார்கள் நண்பர்கள். விற்றுவிடட்டுமா?

பதில்: விற்காதீர்கள். ஒரு நாள் 2, ஒரு நாள் 5 என்று எழுதியிருக்கிறீர்களே, அதைக் கொஞ்சம் பார்ப்போம். எந்த ரைபிளுக்கும் அதன் குண்டுகள் சிதறி விழும் வட்டம் ஒன்று உண்டு. அதிலிருந்து மூன்றே மூன்றை எடுத்துப் பார்த்தால் சில சமயம் மூன்றும் நடுவில் ஒட்டிக்கொண்டு விழும், சில சமயம் ஒன்று ஓரத்துக்குப் போய்விடும். ரைபிளில் எதுவும் மாறியிருக்காது. மூன்று குண்டு க்ரூப்புகளின் (ஒரு சேரச் சுட்ட குண்டுகள் விழுந்த கூட்டத்தின் அகலம்) சராசரி 3 செ.மீ. வரும் ரைபிளில் பத்துக் குண்டு சுட்டால் 4.7 செ.மீ. பக்கம் வரும், ஏறத்தாழ 1.6 மடங்கு. இது நிகழ்தகவுக் கணக்கு, யார் சுட்டாலும் இப்படித்தான். மூன்று குண்டில் கிடைத்த அந்த அழகான 2 செ.மீ. க்ரூப்பை வெட்டிப் பர்ஸில் வைத்துக்கொண்டு அதுதான் தன் ரைபிளின் திறமை என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். மறுவாரம் 5 செ.மீ. வந்ததும் எதையாவது கழற்ற ஆரம்பித்துவிடுகிறார்கள்.

அடுத்த முறை அவசரப்படாமல் பத்துக் குண்டு சுடுங்கள். ஐந்து ஐந்தாக இரண்டு தடவை சுட்டு, இரண்டு காகிதத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து வெளிச்சத்தில் பார்த்தாலும் சரி. உங்கள் ரைபிள் 4.5 செ.மீ. காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். எம்.ஓ.ஏ. என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு, 100 மீட்டரில் அது 2.9 செ.மீ. ஆகவே உங்களுடையது ஒன்றரை எம்.ஓ.ஏ. ரைபிள். 600 மீட்டரில் அது 27 செ.மீ. வட்டம், ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவு. குண்டு அந்த வட்டத்துக்கும் வெளியே கண்காணாமல் போகிறது என்றால் அதற்குக் காரணம் வேறு எங்கோ இருக்கிறது, அதை இனிவரும் பதில்களில் தேடுவோம்.

விலை குறைந்த ரைபிள் என்றால் கோணல் ரைபிள் என்ற நினைப்பும் பழையது. சாவேஜ் 110 என்ற ரைபிள் வந்தது 1958-இல். பேரலை, அதாவது குழலை, ஒரு நட்டு போட்டு இறுக்கும் அதன் அமைப்பில், தோட்டா உட்காரும் இடத்தின் ஆழத்தைத் தனி ஆள் நாள் முழுக்க ராவித் தேய்க்காமலே துல்லியமாக வைக்க முடிந்தது. மலிவாகவும் நேராகவும் சுடும் ரைபிளைச் செய்யலாம் என்று அது அப்போதே காட்டிவிட்டது. இன்று ரூகர் அமெரிக்கன், ஹோவா 1500, கொஞ்சம் கூட விலை கொடுத்தால் டிக்கா டி3எக்ஸ், எல்லாமே கணினி இயக்கும் இயந்திரத்தில் கடைந்து வருகின்றன. ரைபிளைத் தாங்கியில் வைத்துப் படுத்துச் சுடும் எஃப் கிளாஸ் போட்டியில் 1000 கெஜத்தில் பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 10 அங்குலம், கிட்டத்தட்ட ஒரு எம்.ஓ.ஏ. இந்த ரைபிள்களில் பல, தோட்டா பொருந்தினால், அதற்குப் பக்கத்தில் வந்துவிடும்.

கேள்வி: புதிதாக வாங்கிய ரைபிள், புதிதாக மாட்டிய ஸ்கோப். முதல் நாள் நன்றாகச் சுட்டது, மூன்றாம் முறை போனபோது குண்டுகள் இடது பக்கம் ஒரு கூட்டம், வலது பக்கம் ஒரு கூட்டம் என்று இரண்டாகப் பிரிந்து விழுகின்றன. பேரல் கெட்டுவிட்டதா?

பதில்: பேரலைக் கடைசியில் சந்தேகப்படலாம். இரண்டு கூட்டமாக விழுந்தால் என் கை முதலில் திருகுகளுக்குத்தான் போகும். ஏதோ ஒன்று இரண்டு நிலைகளுக்கு நடுவே ஆடுகிறது என்று அர்த்தம்.

எனக்கே இது நடந்தது. ஒரு மழைக்காலம் முழுக்க மூன்று வகைத் தோட்டா மாற்றி, ஸ்டாக்கை (ரைபிளைத் தாங்கும் கட்டை உடல்) சந்தேகப்பட்டு, என் தோளையே சந்தேகப்பட்டு, ஒன்றும் புரியாமல் இருந்தேன். கடைசியில் ஸ்கோப்பை மொத்தமாகக் கழற்றியபோது, ரைபிளோடு ஸ்கோப்பை இணைக்கும் அடிப்பட்டை என் விரல் பட்டதும் அசைந்தது, மயிரிழை அளவுதான். முன்பக்கத்து இரண்டு திருகுகளும் வெறும் எண்ணெயில் நின்றுகொண்டிருந்தன, மாட்டியவர் எண்ணெயைத் துடைக்காமலே முடுக்கியிருக்கிறார். கண்ணுக்கு எல்லாம் கச்சிதமாகத் தெரிந்தது. ஸ்கோப் ரிங்குக்குக் கீழே ஒளிந்திருக்கும் திருகு அது, ரிங்கைக் கழற்றாமல் யாரும் பார்க்க முடியாது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ரைபிள் காலி என்பதை உறுதி செய்து, போல்ட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, ஸ்கோப்பையும் ரிங்கையும் அடிப்பட்டையையும் முழுக்கக் கழற்றுங்கள். திருகையும் துளையையும் எண்ணெய் போகத் துடைத்து, திருகுக்கு அது தளராமல் பிடிக்கும் நீல நிற லாக் திரவம் ஒரு துளி வைத்து, முடுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் முடுக்குங்கள். கை அளவில் முடுக்குவது வேண்டாம், ஒருவருக்கு இறுக்கம் என்பது இன்னொருவருக்குத் தளர்வு. ரிங் திருகுகளுக்கு 2 நியூட்டன் மீட்டர் பக்கம், ஆக்‌ஷன் என்பது போல்ட் ஓடும் உலோகக் கூடு, அதை ஸ்டாக்கோடு பிடிக்கும் ஆக்‌ஷன் திருகுகளுக்கு மாடலைப் பொறுத்து 4 முதல் 7 வரை வரும். ரைபிளோடு வந்த தாளில் போட்டிருக்கும் எண்ணே சரியான எண். எல்லாம் முடிந்ததும் திருகுத் தலையிலிருந்து பக்கத்து உலோகம் வரை நகச்சாயத்தால் மெல்லிய கோடு ஒன்று இழுத்துவிடுங்கள். அடுத்த முறை கோடு உடைந்து விலகியிருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

இந்தச் சந்தேகத்தை நிவர்த்தி செய்ய ஆகும் செலவு ஒரு டார்க் ரெஞ்ச் மட்டும்தான். இதைச் செய்யாமல் பேரலைப் பற்றியோ தோட்டாவைப் பற்றியோ பேசவே வேண்டாம்.

கேள்வி: என் ரைபிளில் பிளாஸ்டிக் ஸ்டாக். முன்பக்கம் கையால் அழுத்தினால் வளைகிறது. இதை மாற்றியே ஆக வேண்டுமா?

பதில்: முதலில் அது பேரலைத் தொடுகிறதா என்று பாருங்கள். ஒரு தாளை இரண்டாக மடித்து ஸ்டாக்குக்கும் பேரலுக்கும் நடுவே நுழைத்து, பேரல் ஆக்‌ஷனோடு சேரும் இடம் வரை இழுத்துக்கொண்டே போங்கள். தடையில்லாமல் போக வேண்டும். எடை கொடுக்காதபோது தாள் போய்விட்டால் அப்புறம் பைபாடை (முன்பக்கத்து இரட்டைக்கால் தாங்கி) மாட்டி, படுத்து, சுடும்போது எவ்வளவு எடை கொடுப்பீர்களோ அவ்வளவு கொடுத்து, பக்கத்தில் ஒருவரைத் தாளை இழுக்கச் சொல்லுங்கள். விலை குறைந்த ஸ்டாக்குகள் பெரும்பாலும் இந்த இரண்டாம் சோதனையில்தான் மாட்டும். பேரல் சுடும்போது அதிரும், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி அதிர்ந்தால் குண்டு ஒரே இடத்துக்குப் போகும். ஸ்டாக் ஒரு முறை தொட்டு ஒரு முறை தொடாமல் இருந்தால் அந்த ஒழுங்கு போய்விடும்.

தொடும் இடத்தில் உப்புத்தாளை ஒரு உருண்டைக் கம்பில் சுற்றி மெதுவாகத் தேய்த்துவிடலாம், கால் மணி நேர வேலை. பைபாடுக்குப் பதிலாக மணல்பையை ஆக்‌ஷனுக்கு நெருக்கமாக வைத்துச் சுட்டாலும் வளைவு குறையும். ஆக்‌ஷன் உட்காரும் இடத்தில் எபாக்ஸி வார்த்துப் படிய வைக்கும் பெட்டிங் வேலை நல்ல பலன் தரும், ஆனால் பழக்கமில்லாதவர் செய்தால் ரைபிளும் ஸ்டாக்கும் ஒன்றாக ஒட்டிக்கொண்டுவிடும், தெரிந்த கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) கொடுங்கள். ரைபிளுக்கென்று ஒரு பெரிய செலவு செய்யத்தான் வேண்டும் என்றால் நான் ஸ்டாக்கைத்தான் சொல்வேன். கன்னம் பதியும் உயரத்தைச் சரிசெய்யக்கூடிய, வளையாத ஸ்டாக். கன்னம் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் பதிந்தால் கண் ஒரே இடத்தில் நிற்கும்.

கேள்வி: எந்த தோட்டா நல்லது? ஒரே பெயரைச் சொல்லுங்கள், வாங்கிவிடுகிறேன்.

பதில்: ஒரே பெயர் சொன்னால் உங்களை ஏமாற்றியதாகும். பக்கத்துப் பெஞ்சில் அற்புதமாகச் சுடும் தோட்டா உங்கள் ரைபிளில் சிதறும், ஒரே மாடலின் இரண்டு ரைபிள்களே வேறு வேறு தோட்டாவை விரும்பும். நான்கைந்து வகையில் ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சுட்டுப் பார்ப்பதைத் தவிர வழி இல்லை. ஆனால் எதை வாங்கிப் பார்ப்பது என்பதைப் பேரலின் முறுக்கு சொல்லிவிடும். பேரலுக்குள் இருக்கும் வரிகள் எத்தனை அங்குலத்துக்கு ஒரு முழுச் சுற்று சுற்றுகின்றன என்பதே முறுக்கு. 223 என்ற அளவுத் தோட்டா போடும் ரைபிளில் 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் 55 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு நன்றாகப் போகும், 77 கிரெய்ன் போன்ற நீளமான குண்டு நிலைக்காமல் தள்ளாடும். அதற்கு 8 அல்லது 7 அங்குல முறுக்கு வேண்டும். உங்கள் பேரலின் முறுக்கு தெரியாவிட்டால், ரைபிள் காலி என்று உறுதி செய்துகொண்டு, சுழலும் கைப்பிடி உள்ள துடைப்புக் கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றிப் பேரலுக்குள் தள்ளுங்கள். கம்பியில் மேல்பக்கம் ஒரு புள்ளி வைத்துக்கொண்டால், அந்தப் புள்ளி ஒரு சுற்று சுற்றி மீண்டும் மேலே வரும்போது கம்பி எவ்வளவு உள்ளே போயிருக்கிறதோ அதுதான் முறுக்கு.

அப்புறம் வேகம். 100 மீட்டரில் ஒரே ஓட்டையில் சுடும் தோட்டா தூரத்தில் மேலும் கீழுமாகச் சிதறினால், தோட்டாவுக்குத் தோட்டா வேகம் மாறுகிறது என்று சந்தேகப்படுங்கள். விநாடிக்கு 790 மீட்டரில் புறப்படும் 175 கிரெய்ன் 308 குண்டை எடுத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 10 மீட்டர் வேக வித்தியாசம் 100 மீட்டர் காகிதத்தில் 2 மில்லிமீட்டர்தான் காட்டும், யார் கண்ணுக்கும் தெரியாது. அதே வித்தியாசம் 600-இல் 9, 10 செ.மீ. ஆகும், 1000-இல் 30 செ.மீ.யைத் தாண்டும். அதனால் குண்டின் வேகத்தை அளக்கும் க்ரோனோகிராஃப் இல்லாமல் தொலைதூரத்துக்குத் தோட்டா தேர்ந்தெடுப்பது குருட்டாம்போக்கு. சொந்தமாக வாங்க வேண்டாம், ரேஞ்சில் யாரிடமாவது இருக்கும், ஒரு மணி நேரம் கேளுங்கள். பிடித்த தோட்டா கிடைத்ததும் ஒரே லாட் எண்ணில் (ஒரே தடவையில் தயாரானது) எவ்வளவு முடியுமோ அவ்வளவு வாங்கி வையுங்கள்.

கேள்வி: விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று ரைபிளுக்கு ஏற்ற மலிவு ஸ்கோப்பே போட்டிருக்கிறேன். போதாதா?

பதில்: ஸ்கோப்பில் நான் அந்தப் பழமொழியைக் கேட்க மாட்டேன். ரைபிளின் விலைக்குச் சமமாக ஸ்கோப்புக்குக் கொடுத்தாலும் தவறில்லை. ஏனென்றால் 100 மீட்டருக்கு சீரோ செய்த, அதாவது அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்த, 308 குண்டு 600 மீட்டரில் மூன்று மீட்டருக்கும் மேல் கீழே இறங்கிவிடும், அந்த மூன்று மீட்டரையும் ஸ்கோப்பின் டர்ரட்டைத் (குறியை நகர்த்தும் திருகுக் குமிழ்) திருகித்தான் ஏற்றுகிறீர்கள். பத்து க்ளிக் திருகினால் ஒன்பது க்ளிக் நகரும் ஸ்கோப்பை வைத்துக்கொண்டு எவ்வளவு நல்ல ரைபிளாலும் ஒன்றும் செய்ய முடியாது. கண்ணாடியின் பளபளப்பை விட இதுதான் முக்கியம்.

வாங்கியதை வீட்டில் வைத்து நம்ப வேண்டாம், சோதித்துவிடுங்கள். ஒரு மீட்டருக்கு மேல் உயரமான காகிதத்தை 100 மீட்டரில் மாட்டுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, அந்த நூலை ஒட்டி நேர்கோடு வரையுங்கள். கோட்டின் அடியில் குறிவைத்து மூன்று குண்டு, பிறகு 9 மில் மேலே திருகி அதே அடிக்குறியில் மூன்று குண்டு. ஒரு மில் 100 மீட்டரில் 10 செ.மீ. ஆகவே இரண்டாவது கூட்டம் 90 செ.மீ. மேலே, அந்தக் கோட்டின் மீதே விழ வேண்டும். 86 செ.மீ. வந்தால் ஸ்கோப் குறைவாக நகர்கிறது, அந்த விகிதத்தைக் குறித்து வைத்து உங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம். உயரம் சரியாக வந்து கோட்டை விட்டுப் பக்கவாட்டில் விலகினால் ஸ்கோப் சாய்வாக மாட்டப்பட்டிருக்கிறது, அல்லது நீங்கள் ரைபிளைச் சாய்த்துப் பிடிக்கிறீர்கள்.

இந்தச் சாய்வைப் பலர் கண்டுகொள்வதே இல்லை. 3 டிகிரி என்பது கண்ணுக்குத் தெரியாத சாய்வு, 600 மீட்டரில் அது குண்டை 15 செ.மீ.க்கு மேல் பக்கவாட்டில் தள்ளும். காற்று என்று நினைத்து எதிர்ப்பக்கம் திருத்திக்கொண்டே இருப்பீர்கள். ஸ்கோப்பில் மாட்டும் சின்ன ரசமட்டம் ஒன்று போதும், ட்ரிக்கரை அழுத்துவதற்கு முன் ஒரு பார்வை. 1000 மீட்டர் வரை போகும் எண்ணம் இருந்தால் அடிப்பட்டையை 20 எம்.ஓ.ஏ. சரிவுள்ளதாக வாங்குங்கள், டர்ரட் பாதியிலேயே முட்டி நிற்காது.

கேள்வி: ட்ரிக்கர் ரொம்பக் கனம். ஸ்பிரிங்கை வெட்டிக் குறைக்கலாம் என்கிறார் ஒரு நண்பர்.

பதில்: வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங்கை வெட்டிய ரைபிள் போல்ட்டை மூடும்போதே வெடிக்கலாம், கீழே தட்டினால் வெடிக்கலாம். இப்போது வரும் பல ரைபிள்களில் கம்பெனியே திருகு வைத்திருக்கிறது, கையேடு சொல்லும் எல்லைக்குள் குறையுங்கள். அதற்கும் கீழே வேண்டுமென்றால் அந்த மாடலுக்கென்று செய்த மாற்று ட்ரிக்கரை கன்ஸ்மித் கையால் போடுங்கள்.

கேள்வி: முதல் நான்கு குண்டு நெருக்கமாக விழுந்து, அப்புறம் மேலே ஏறிக்கொண்டே போகிறது. பேரலை நன்றாகச் சுத்தம் செய்துதான் கொண்டுபோகிறேன்.

பதில்: மெல்லிய பேரல் சூடாகிறது, அவ்வளவுதான். சூடேறும்போது சில பேரல்கள் ஒரு பக்கமாக நகரும். கை வைத்துப் பாருங்கள், ஐந்து விநாடி பொறுக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு, போல்ட்டைத் திறந்துவைத்து ஆறவிடுங்கள். சூடான பேரலிலிருந்து எழும் அலை ஸ்கோப்புக்கு முன்னால் இலக்கையே ஆட்டிக் காட்டும், அதுவும் சேர்ந்துகொள்ளும். சுத்தம் பற்றி ஒன்று: ஒவ்வொரு முறையும் செம்புப் படிவு முழுக்கப் போகத் தேய்த்தால் அடுத்த முறை முதல் சில குண்டுகள் வேறு இடத்தில் விழும். க்ரூப் விரியத் தொடங்கினால் மட்டும் ஆழமாகச் சுத்தம் செய்யுங்கள், எப்போதும் பின்பக்கத்திலிருந்து. முன்வாயின் விளிம்பில் கம்பி உரசிக் கீறல் விழுந்தால் அது குண்டு வெளியேறும் கடைசி இடம், அங்கே பட்ட காயம் இலக்கில் தெரியும்.

கேள்வி: வாசகி ஒருத்தி எழுதுகிறேன். 300 மீட்டர் வரை நம்பிக்கையாகச் சுடுகிறேன். 600 மீட்டரில் உயரம் சரியாக வருகிறது, ஆனால் ஒரு குண்டு இடது, அடுத்தது வலது. துல்லியமான ரைபிள் இருந்தால் இது சரியாகுமா?

பதில்: ஆகாதம்மா. உயரம் சரியாக வருகிறது என்று எழுதியதிலிருந்தே உங்கள் ரைபிளும் தோட்டாவும் ஸ்கோப்பும் ஒழுங்கு என்று தெரிகிறது. மிச்சம் இருப்பது காற்று. இந்தப் பகுதிக்கு நான் ஒரே ஒரு பதில்தான் எழுதலாம் என்றால் இதைத்தான் எழுதுவேன்.

கணக்கைப் பாருங்கள். ஒரு எம்.ஓ.ஏ. ரைபிள் 600 மீட்டரில் 17.5 செ.மீ. வட்டத்துக்குள் சுடும், அதாவது நடுவிலிருந்து எந்தப் பக்கமும் 9 செ.மீ.க்குள். நிறையப் பணம் கொட்டி அரை எம்.ஓ.ஏ. ரைபிள் வாங்கினால் அந்த 9 என்பது நாலரை ஆகும். மிச்சம் பிடித்தது நாலரை செ.மீ. இப்போது காற்று: விநாடிக்கு நாலரை மீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, இலைகளும் சிறு கொம்புகளும் அசையும் காற்றுதான், 175 கிரெய்ன் 308 குண்டை 600 மீட்டரில் முக்கால் மீட்டருக்கும் மேல் தள்ளிவிடும். அந்தக் காற்றை விநாடிக்கு ஒரே ஒரு மீட்டர் தப்பாகக் கணித்தால் போதும், குண்டு 20 செ.மீ. பக்கம் விலகிவிடும். ஒரு மீட்டர் வேக வித்தியாசம் கன்னத்தில் பட்டால்கூடத் தெரியாது. நாலரை செ.மீ.யை விலை கொடுத்து வாங்கிவிட்டு இருபது செ.மீ.யைக் காற்றில் விடுகிறோம்.

காற்றைப் படிக்க என்ன செய்வது? கடிகார முள்ளை வைத்துத் தொடங்குங்கள். இலக்கு 12 மணி, நீங்கள் நடுவில். 3 மணியிலிருந்தோ 9 மணியிலிருந்தோ வந்தால் முழுத் தள்ளல். 1 மணியிலிருந்து வந்தால் பாதி. 2 மணியிலிருந்து வந்தால் கிட்டத்தட்ட முழுதும், இதைத்தான் பலர் குறைத்து எடைபோடுகிறார்கள். கொடிகளைப் பாருங்கள், ஆனால் உங்களுக்குப் பக்கத்துக் கொடியையும் நடுவழிக் கொடியையும் விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் காற்று கொடுத்த சின்ன விலகல் இலக்கு வரை வளர்ந்துகொண்டே போகும்.

வெயில் நாளில் கானலைப் பாருங்கள். ஸ்பாட்டிங் ஸ்கோப்பை (இலக்கைப் பார்க்க வைக்கும் தனித் தொலைநோக்கி) இலக்கில் தெளிவாக்கிவிட்டு, தெளிவைக் கொஞ்சம் இந்தப் பக்கம் இழுத்தால், இலக்குக்கு முன்னால் ஓடும் கானல் அலை தெரியும். இளங்காற்றில் அது ஒரு பக்கம் சாய்ந்து ஓடும், காற்று கூடக் கூடத் தட்டையாகிக் கிடையாக ஓடும். கொதிக்கும் தண்ணீர் மாதிரி நேர் மேலே எழுந்தால் காற்று இல்லை, அல்லது நேர் எதிரிலோ பின்னாலோ இருக்கிறது, அல்லது திசை மாறப் போகிறது. அந்தக் கொதிநிலையில் நான் சுட மாட்டேன். காத்திருப்பேன். கானல் மீண்டும் ஒரு பக்கம் சாய்ந்து, இதற்கு முன் சுட்டபோது எப்படி ஓடியதோ அப்படி ஓடத் தொடங்கும், அப்போதுதான் விரல் ட்ரிக்கருக்குப் போகும். நீங்கள் எழுதிய இடது, வலது என்ற ஆட்டம் பெரும்பாலும் இந்தக் காத்திருப்பு இல்லாததால் வருவது. போன குண்டுக்கு இந்தக் குண்டில் திருத்தம் செய்கிறீர்கள், அதற்குள் காற்று மாறிவிட்டது.

கேள்வி: 308-ஐ விட்டு 6.5 க்ரீட்மோருக்கு மாறலாமா?

பதில்: முதல் ரைபிள் இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், இலக்குச் சுடுதலுக்கு 6.5 க்ரீட்மோர் என்றே சொல்வேன். 2007-இல் தொலைதூர இலக்குப் போட்டியை மனதில் வைத்தே செய்யப்பட்ட தோட்டா அது. மெலிந்து நீண்ட அதன் குண்டு காற்றைக் கிழித்துப் போவதால், அதே காற்றில் 308-ஐ விடக் கால் பங்குக்கு மேல் குறைவாக விலகும், தோளிலும் இடி குறைவு. பேரல் ஆயுள் மட்டும் குறைவு, இரண்டாயிரம் மூவாயிரம் குண்டுகளில் சோர்ந்துவிடும், 308 ஐயாயிரம் தாண்டும். 308 ஏற்கெனவே கையில் இருந்தால் மாற வேண்டாம். காற்றைக் கூடுதலாக உணரும் தோட்டா காற்றைக் கூடுதலாகக் கற்றுத்தரும்.

கேள்வி: ரேஞ்ச் தூரம், தோட்டா விலை அதிகம். மாதம் ஒரு முறைதான் போக முடிகிறது. நடுவில் எப்படிப் பழகுவது?

பதில்: தோட்டா இல்லாமல் பழகுங்கள். வீட்டில் தோட்டா ஒன்றுகூட இல்லாத அறையில், ரைபிளை இரண்டு முறை சோதித்துவிட்டு, பாதுகாப்பான திசையில் சுவரில் ஒரு புள்ளி வைத்துப் படுங்கள். கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறங்கள். குறுக்குக்கோடு புள்ளியை விட்டு விலகியிருந்தால் கையால் இழுத்துக் கொண்டுவராதீர்கள், இடுப்பையும் காலையும் நகர்த்தி உடம்பு முழுவதையும் திருப்புங்கள். உடம்பு தளர்ந்திருக்கும்போதே கோடு புள்ளியில் நிற்க வேண்டும். பிறகு ட்ரிக்கரை அழுத்தி, க்ளிக் சத்தம் வந்த பிறகும் விரலை எடுக்காமல், கோடு எங்கே நிற்கிறது என்று பாருங்கள். நாளுக்கு இருபது முறை போதும்.

அத்தோடு, கிடைத்தால் சின்னத் தோட்டா போடும் ஒரு 22 ரைபிள். அதன் குண்டு 200 மீட்டர் போவதற்குள், 50 மீட்டர் சீரோவிலிருந்து ஒரு மீட்டருக்கு மேல் இறங்கிவிடும், சின்னக் காற்றுக்கும் நகரும். பெரிய ரைபிளில் 600, 700 மீட்டரில் வரும் பாடம் அத்தனையும் 200-இல் கிடைக்கும், தோட்டா விலையும் கை கடிக்காது.

கேள்வி: வரும் மாதம் முதல் தடவையாக 600 மீட்டர் போகிறேன். கையில் இருபது தோட்டாதான். எப்படிச் செலவழிப்பது?

பதில்: 100 மீட்டரில் ஐந்து, சீரோ சரியா என்று பார்க்க. சரியாக இருந்தால் சீரோவை மாற்றாதீர்கள். 300 மீட்டரில் மூன்று, உங்கள் கணக்கு சொன்ன உயரமும் குண்டு விழுந்த உயரமும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க. ஒத்துப்போகாவிட்டால் 600-க்குப் போவதில் அர்த்தமில்லை, அங்கேயே கணக்கைத் திருத்துங்கள். 600-இல் முதலில் இரண்டு, பெரிய வெள்ளைக் காகிதத்தில், எங்கே விழுகிறது என்று தெரிய மட்டும். இரண்டுக்கும் நடுவே எதையும் திருகாதீர்கள்.

மிச்சம் பத்து. சுடுவதற்கு முன் காற்று எவ்வளவு என்று நீங்கள் நினைக்கிறீர்களோ அதை நோட்டில் எழுதுங்கள், பிறகு சுடுங்கள், பிறகு எங்கே விழுந்தது என்று எழுதுங்கள். முதலில் எழுதுவது கட்டாயம். விழுந்த இடத்தைப் பார்த்த பிறகு காற்றைக் கணித்தால் எல்லோருடைய கணிப்பும் சரியாகவே இருக்கும். பத்து வரி, பத்து ஓட்டை. அந்தக் காகிதத்தையும் நோட்டுப் பக்கத்தையும் எனக்கு அனுப்புங்கள், ரைபிளுக்கு ஏதாவது வாங்க வேண்டுமா என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.